நான்கு நாளும் வெளியே வராத சட்டை

அந்த வசந்தத்தில், நாங்கள் தைத்து அனுப்பிய சட்டைகள் எங்களிடமே திரும்பி வரத் தொடங்கின. முதலில் ஒரு பெட்டி வந்தது. அடுத்த கிழமை மூன்று பெட்டிகள். எல்லாம் கோல்ஃப் விளையாடுகிறவர்கள் போடும் பருத்திச் சட்டைகள். காலர் வைத்து, நெஞ்சில் மூன்று பொத்தான் மட்டும் வைத்தவை. கோல்ஃப் கழகங்கள் தங்கள் சின்னத்தை அதில் பொறித்துத் தங்கள் உறுப்பினர்களுக்குக் கொடுக்கும். பெட்டிகளோடு வந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் ஒரே குறைதான் எழுதியிருந்தது. பந்தை அடிக்கக் கையை ஓங்கினால் சட்டை காற்சட்டைக்குள்ளிருந்து வெளியே வந்துவிடுகிறது.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து அதிக காலம் ஆகவில்லை. நான் அந்தத் தொழிற்சாலையில் காலர் வைக்கிறவளாக வேலை செய்தேன். நாங்கள் குடியேறிய, பிரெஞ்சு பேசும் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து வடக்கே நடந்து, நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழால் கடந்து போனால், தையல் வேலை நடக்கும் பெரிய கட்டடங்கள் வரிசையாக நிற்கும். அதில் ஒன்றின் நாலாம் மாடி எங்களுடையது. இருபது பேருக்கு மேல் இருந்தோம். ஒருத்தி கை பூட்டுவாள், ஒருத்தி பொத்தான் பட்டி தைப்பாள், ஒருத்தி பக்கம் மூட்டுவாள். என்னிடம் வரும்போது சட்டைக்குக் கழுத்து மட்டும் வெறுமையாக இருக்கும். நான் காலரை வைத்து அடுத்தவளுக்குத் தள்ளுவேன். ஆறு வருடம் அப்படி.

துணி வெட்டும் மேசைக்குப் பொறுப்பாக இருந்தவர் மன்னாரைச் சேர்ந்தவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். எங்கள் எல்லாருக்கும் அவர் அண்ணை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுவார். மற்ற ஆறு நாளும் அதிகம் பேச மாட்டார். சட்டையின் ஒவ்வொரு பாகத்துக்கும் தடித்த மட்டையில் அளவு வெட்டி, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். முன்பக்கம், பின்பக்கம், கை, காலர். அந்த மட்டைகளை அவரைத் தவிர வேறு யாரும் தொட மாட்டார்கள். ஒருமுறை துப்புரவு செய்யும் பெண் ஒரு மட்டையைக் கழற்றித் தூசு தட்டியதற்கு, அவர் அன்று முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை.

சட்டைகள் திரும்பி வந்ததும் முதலாளி அவரிடம் போய், நீளத்தைக் கூட்டச் சொன்னார். அண்ணை இரண்டு விரற்கடை கூட்டினார். அந்தச் சட்டைகளும் வெளியே வந்தன. பிறகு, கை தாராளமாக ஓடட்டும் என்று, உடம்புத் துணியில் கை பூட்டும் வளைவான கைக்குழியை இன்னும் கீழே இறக்கிப் பெரிதாக வெட்டினார். குறை குறையவில்லை, கடிதங்கள்தான் கூடின. முதலாளி கத்துகிற ஆள் இல்லை. ஒருநாள் எங்களைக் கூட்டி, இந்தக் கோடையோடு கோல்ஃப் சட்டையை நிறுத்தலாம் என்று யோசிப்பதாகச் சொன்னார். அதை நிறுத்தினால் எங்களில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது என்பதை அவர் சொல்லவில்லை.

முதலாளிக்குக் கோல்ஃப் என்றால் உயிர். தன் அறைக் கம்பளத்தில் ஒரு கோப்பையைச் சரித்து வைத்து, தொலைபேசியில் கதைத்துக்கொண்டே பந்தை அதற்குள் உருட்டுவார். எங்கள் சட்டையைத்தான் போடுவார். அதுவும் வெளியே வரும். அதைத் தன் வயிற்றின் குற்றம் என்று அவர் நினைத்திருந்தார்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அவர் வீட்டிலிருந்து சின்னத் தொலைக்காட்சி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் சாப்பாட்டு அறையில் வைத்தார். அமெரிக்காவில் ஆண்களுக்கான பெரிய கோல்ஃப் போட்டிகளில் ஒன்று அன்று தொடங்கியது. நான்கு நாள் நடக்கும், நாளுக்குப் பதினெட்டுக் குழி, நான்கு நாளும் சேர்த்து ஆகக் குறைந்த அடியில் முடிக்கிறவர் வெற்றி பெற்றவர் என்று எங்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். "நீங்கள் தைக்கிற சட்டையை எதற்குப் போடுகிறார்கள் என்று ஒருமுறையாவது பாருங்கள்" என்றார். பின்னேரத் தேநீர் இடைவேளையில் பார்த்தோம். பச்சைப் புல், தொப்பி போட்ட மனிதர்கள், நீண்ட நடை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்து மெஷினில் கை பூட்டுகிறவள் சென்னையிலிருந்து வந்த பெண். கணவன் கணினி வேலை பார்க்கிறவர். இவள் வேதியியல் பட்டதாரி. பிரெஞ்சு வராததால் எங்களோடு இருந்தாள். அவள் தேநீரை ஊதிக்கொண்டே, "அக்கா, இதுல எப்போ விளையாட ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டாள். விளையாட்டு அப்போது பாதி முடிந்திருந்தது.

வெள்ளிக்கிழமையும் பார்த்தோம். முதல் நாளே முன்னால் போன இளைஞன் ஒருவன் இப்போது எல்லாரையும் விட்டு விலகித் தூரத்துக்குப் போயிருந்தான். முதலாளி கையில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து நின்றார்.

சனிக்கிழமை எங்களுக்கு விடுமுறை இல்லை. திரும்பி வந்த சட்டைகளைப் பிரித்து, கீழே ஒரு பட்டி சேர்த்து நீளமாக்கச் சொல்லியிருந்தார்கள். மூன்று மணிக்குத் தேநீருக்கு எழுந்தோம். போட்டி நடந்த இடத்தில் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது என்பது கொடியைப் பார்த்தால் தெரிந்தது. பேர்பெற்ற ஆட்டக்காரர்கள் எல்லாம் முழங்கால் உயரப் புல்லுக்குள் நின்று பந்தைத் தேடினார்கள். ஒருவர் அடித்த பந்து குழிக்குக் கிட்டப் போய், நின்று, யோசித்து, வந்த வழியே உருண்டு திரும்பியது. அந்த இளைஞனும் ஒருமுறை புல்லுக்குள் மாட்டினான். அடித்தான், பந்து ஒரு முழம் நகர்ந்தது. திரும்ப அடித்தான்; இன்னும் ஒரு முழம். அந்தக் குழியில் நிறைய அடிகளை இழந்தான். முதலாளி நெற்றியில் கையை வைத்தார். ஆனால் அவன் அடுத்த குழிக்கு நடந்து போன நடையில் அது தெரியவே இல்லை. தலையைக் குனியவில்லை, மட்டையை நிலத்தில் குத்தவில்லை. போய் நின்று, மூச்சு விட்டு, கையை ஓங்கினான்.

அப்போதுதான் நான் கண்டேன்.

அவனுடைய இடது தோள் தாடைக்குக் கீழே வந்தது. பிறகு இடுப்பு சுழன்றது, முழு உடம்பும் முறுக்கு அவிழ்ந்தது, மட்டை சுற்றிப் போய் இரண்டு கைகளும் கழுத்துக்குப் பின்னால் நின்றன. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் பந்து எங்கே போனது என்று திரையில் தேடினார்கள். நான் அவன் இடுப்புப் பட்டியைப் பார்த்தேன். சட்டை அசையவில்லை. உள்ளே விட்டது விட்டபடி இருந்தது. இவ்வளவு பெரிய வீச்சுக்கு ஒரு நூல் அளவுகூட அது மேலே வரவில்லை.

அதை மெதுவாக ஓட்டித் திரும்பக் காட்டினார்கள். நான் எழுந்து தொலைக்காட்சிக்குக் கிட்டப் போனேன். "அக்கா, மறைக்கிறீங்க" என்று யாரோ சொன்னார்கள். அவனுடைய கை மேலே போனபோது கையின் துணி மட்டும் போனது. உடம்பின் துணி உடம்போடு நின்றது. கைக்குழி அக்குளை ஒட்டி, உயரத்தில் இருந்தது.

வீட்டில் நான் ரவிக்கை தைப்பேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் கலியாணம் என்றால் என் வீட்டுக் கதிரையில் துணிப்பைகள் நிறைந்துவிடும். ரவிக்கை தைக்கிற எவளுக்கும் தெரிந்த ஒன்று உண்டு. கைக்குழியை அக்குளுக்குக் கிட்ட ஏற்றி வெட்டினால் கை தனியாக எழும்பும். கொடியில் துணி காயப் போடலாம், மேல் தட்டில் டப்பா எடுக்கலாம். தாராளமாக இருக்கட்டும் என்று கீழே இறக்கி வெட்டினால் கையோடு சேர்ந்து முழு ரவிக்கையும் எழும்பும். பெரிய குழி கையைக் கட்டிப் போடும். புதிதாகத் தைக்க வருகிறவர்கள் இதை நம்ப மாட்டார்கள். அண்ணை தன் வாழ்நாளில் ஆண்களின் சட்டை மட்டும்தான் வெட்டியிருந்தார்.

அன்றே அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது அவர் பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் நின்றார். கிட்டப் போனேன். "அண்ணை, இண்டைக்கு வடிவாப் பாடினியள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சமைத்து வைத்துவிட்டு இரண்டு மணிக்கெல்லாம் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தேன். என் கணவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில், நகரத்தின் கிழக்கே, ஒரு பண்டகசாலையில் கொள்கலன் இறக்குகிற வேலை செய்தார். கிழமை முழுக்கப் பாரம் தூக்கியவருக்கு ஞாயிறு என்றால் படுக்கைதான். தலையணையோடு வந்து சோபாவில் சாய்ந்தவர் திரையைப் பார்த்தார்.

"நீர் எப்ப துடக்கம் உது பாக்கிறனீர்?"

"வியாழக்கிழமை துடக்கம்."

"நடந்து திரியிறதுக்கும் கை தட்டுறாங்கள். எங்களுக்கு ஒருத்தரும் தட்டுறேல்லை."

"நீங்கள் பந்தைப் பாக்கிறியள். அவன்ரை அக்குளைப் பாருங்கோ."

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "ஆரின்ரை அக்குளை?"

சொன்னேன். அவர் பாதி நம்பினார். அலுமாரியிலிருந்து எங்கள் தொழிற்சாலைச் சட்டை ஒன்றை எடுத்து அவருக்குப் போட்டு, காற்சட்டைக்குள் நன்றாக விட்டு, கையில் குடையைக் கொடுத்து, "அவன் செய்யிற மாதிரிச் செய்யுங்கோ" என்றேன். மனிதர் ஒரு வீச்சு வீசினார். குடை விளக்குக் கூட்டைத் தொட்டுவிட்டுப் போனது. சட்டை ஒரு பக்கம் முழுதும் வெளியே வந்து தொங்கியது. திரையில் அந்த இளைஞன் அதே நேரம் அடித்துவிட்டு நின்றான். இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்னைப் பாத்துச் சிரிக்காதையும்" என்றார். "அவன் செய்யிறதுக்குக் கோடிக்கணக்கான சனம் பாக்குது. எனக்கு நீர் ஒராள்தான்."

பிறகு அவர் படுக்கப் போகவில்லை. இருவரும் கடைசிவரை பார்த்தோம். அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியவில்லை. அந்த ஞாயிறு தொடங்கும்போதே அவன் வென்றாகிவிட்டது. இரண்டாம் இடத்துக்குத்தான் மற்றவர்கள் தங்களுக்குள் போட்டி போட்டார்கள். அவன் சும்மா தட்டிக்கொண்டு போயிருந்தாலும் கோப்பை அவனுக்குத்தான். ஆனால் அவன் ஒவ்வொரு குழியிலும் குனிந்து, புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு பக்கம் பார்த்து, சுற்றிப் போய் மறுபக்கமும் பார்த்தான். முடியும் நேரத்தில் ஒரு பந்து குழியிலிருந்து தூரத்தில் நின்றது. அது விழுந்தாலும் விழாவிட்டாலும் ஒன்றும் மாறப் போவதில்லை என்று என் கணவருக்கே அப்போது விளங்கியிருந்தது. அவன் அதற்கு எடுத்த நேரம் வேறு எதற்கும் எடுக்கவில்லை. பந்து விழுந்ததும் கையைப் பொத்தி ஒருமுறை ஆட்டினான்.

"வெண்டிட்டான்தானே. பேந்தும் ஏன் உப்பிடிக் குனிஞ்சு குனிஞ்சு பாக்கிறான்?" என்றார் என் கணவர்.

"தெரியேல்லை. ஆனா பாக்க வடிவாக் கிடக்கு."

"ஓம்" என்றார். தலையணையை ஓரமாக வைத்துவிட்டு, "நல்ல வேலைக்காரன்" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு நான் கேட்டதில்லை. பண்டகசாலையில் இரண்டே பேரைத்தான் அவர் அப்படிச் சொல்வார்.

அந்த நான்கு நாளும் அவன் போட்ட சட்டைகள் என்ன நிறம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தோள் மூட்டில் தையல் எங்கே விழுந்தது, கை எவ்வளவு அகலம், அக்குளில் எத்தனை மடிப்பு என்று கேட்டால் இப்போதும் வரைந்து காட்டுவேன்.

திங்கட்கிழமை தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்னால் வெட்டு மேசைக்குப் போனேன். சென்னைப் பெண்ணும் துணைக்கு வந்தாள். அண்ணை சோக்கட்டியால் துணியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஒரு விசயம் சொல்லலாமோ? எங்கடை சேட்டிலை கைக்குழி இறங்கிப் போச்சு எண்டு நினைக்கிறன். அதை ஏத்தி வெட்டினா வெளியிலை வராது."

அவர் கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "ஏத்தி வெட்டினா இறுக்கிப் பிடிக்கும். கை தூக்கேலாது."

"பிளவுஸிலை அப்பிடித்தானே அண்ணை வெட்டுறனாங்கள். கிட்ட இருந்தாத்தான்..."

"இது பிளவுஸ் இல்லை, பிள்ளை. ஆம்பிளையளின்ரை சேட்டு. நீர் காலரை வையும். கைக்குழியை நான் பாக்கிறன்."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். என் முகம் சுட்டது. திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தேன். அன்று வைத்த காலர்களில் இரண்டைப் பிரித்துத் திரும்ப வைக்க வேண்டியிருந்தது.

"விட்ராதீங்க அக்கா" என்றாள் பக்கத்தில் இருந்தவள், மெஷின் சத்தத்துக்குள் குனிந்து. "சொன்னா புரியாது. தைச்சுக் காட்டுங்க. போட்டுப் பார்த்தா அவருக்கே தெரியும்."

"ஆரின்ரை அளவிலை?"

"அவரோட அளவுலதான்."

அவள் சொன்னதுதான் சரி என்று வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கும் பட்டது. மறுநாள் கழிவுத் துணிப் பெட்டியிலிருந்து பெரிய துண்டுகளைக் கேட்டு எடுத்து வந்தேன். அண்ணையின் தோளும் மார்பும் ஆறு வருடமாகக் கண்ணுக்கு முன்னால் இருந்தவை; நாடா வைத்து அளக்கத் தேவையில்லை. வேலையால் வந்து சமைத்து வைத்த பிறகு, செவ்வாயும் புதனும் பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் வரைந்தேன். ரவிக்கையின் கைக்குழியை அப்படியே ஆணின் சட்டைக்குப் போட முடியாது. மார்பு அகலம் வேறு, முதுகு வேறு. முதல் தடவை வரைந்து தைத்தது என் கணவருக்கே பொருந்தாமல் அக்குளில் வெட்டியது. "அண்ணை சொன்னது சரிதான் போல" என்று அவர் கையை நெளித்துக் காட்டினார். கை மட்டையின் தலைப்பகுதியைத் தாழ்த்தி, அகலத்தைக் கூட்டினேன். இரண்டாம் தடவை சரியாக வந்தது. மனிதர் மறுபடி குடையை எடுத்தார். இந்த முறை விளக்கைக் கழற்றி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணை வருவதற்கு முன்னால், மடித்த சட்டையை வெட்டு மேசையில் வைத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன். அவர் வந்தார், பார்த்தார், ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. சட்டை அதே இடத்தில் இருந்தது. சாப்பாட்டு நேரம் எல்லாரும் எழுந்து போனோம். அவர் வரவில்லை.

சென்னைப் பெண் என் முழங்கையைத் தட்டினாள். சாப்பாட்டு அறைக் கதவு வழியாகப் பார்த்தால் வெட்டு மேசையும், அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு அடுக்கிய துணிச் சுருள்களும் தெரியும். மேசையில் சட்டை இல்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த நீண்ட அளவுகோலும் இல்லை. துணிச் சுருள்களுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் தெரிந்தது. பிறகு 'தொப்' என்று ஒரு சத்தம். மரம் துணிச் சுருளில் மோதிய சத்தம். பெண்கள் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர் வெளியே வர நல்ல நேரம் எடுத்தது. நான் தைத்த சட்டையைப் போட்டிருந்தார், நாலு பக்கமும் காற்சட்டைக்குள் இருந்தது. நேரே சுவருக்குப் போய் முன்பக்க மட்டையையும் பின்பக்க மட்டையையும் கை மட்டையையும் ஆணியிலிருந்து கழற்றினார். மேசையில் வைத்துப் பெரிய கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டி இரண்டாக்கினார். தடித்த மட்டை, பலம் கொடுத்து வெட்ட வேண்டியிருந்தது. எழுந்து ஓடினேன்.

"அண்ணை, ஏன் வெட்டுறியள்? வைச்சிருங்கோவன்."

"வைச்சிருந்தா இன்னொருக்கா எடுப்பன்" என்றார். பிறகு சோக்கட்டியை என் பக்கம் நீட்டினார். "உந்தக் கைத்தலைப்பை என்னெண்டு இவ்வளவு பதிச்சனீர்? கீறிக் காட்டும் பாப்பம்."

கீறிக் காட்டினேன். இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் நான் யோசிக்காத கேள்விகள். பெரிய உடம்புக்காரருக்கு இது எப்படிப் போகும்? துவைத்துச் சுருங்கிய பிறகு அக்குள் என்ன ஆகும்? பிறகு அவரே, "அதை நான் பாக்கிறன்" என்றார். திங்கட்கிழமை சொன்ன அதே சொல். கேட்க வேறு மாதிரி இருந்தது.

பிறகு அந்தச் சட்டையோடேயே என்னையும் கூட்டிக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனார். அவருடைய ஆங்கிலம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் முதல் வசனமாகச் சொன்னது, இது தன்னுடையது இல்லை, இந்தப் பெண்ணுடையது என்பதுதான். இரண்டாவதாக, தான் வெட்டியது பிழை என்று சொன்னார். அப்படிச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து நின்றார். அந்தக் கட்டடத்தில் எத்தனையோ மேலாளர்களை நான் பிறகு பார்த்தேன். அப்படி நின்று அதைச் சொன்ன ஒருவரை நான் அதன் பிறகு காணவில்லை.

அண்ணை போய்த் தன் பழைய சட்டைக்கு மாறிக்கொண்டு வர, முதலாளி அந்தச் சட்டையை வாங்கித் தானே போட்டுக்கொண்டார். கோல்ஃப் மட்டையை எடுத்து ஓங்கினார். அவருடைய வீச்சு மிக மோசமானது என்பது நான்கு நாள் பார்த்த எனக்கே தெரிந்தது. ஆனால் சட்டை வெளியே வரவில்லை. இன்னொருமுறை ஓங்கினார். மூன்றாம் முறை ஓங்கிவிட்டு, தன் வயிற்றைக் குனிந்து பார்த்து, அதன்மேல் இவ்வளவு நாளாகச் சுமத்திய பழியை எடுத்துவிட்டவர்போலத் தட்டிக் கொடுத்தார்.

புதிய மட்டைகளை வெட்ட அண்ணைக்கு மூன்று கிழமை எடுத்தது. சின்ன அளவிலிருந்து ஆகப் பெரிய அளவு வரை ஒவ்வொன்றையும் தைத்து, துவைத்து, யாராவது ஒருவருக்குப் போட்டு, அளவுகோலைக் கையில் கொடுத்து வீசச் சொன்னார். கட்டடத்தின் காவலாளி, மேல்மாடியில் பெட்டி சுமக்கிறவர், கடிதம் கொண்டு வருகிறவர் என்று வந்தவர் போனவர் எல்லாரும் எங்கள் வெட்டு மேசைக்கு முன்னால் கோல்ஃப் அடித்தார்கள். நான் காலையில் காலர் வைத்தேன், பின்னேரம் அவரோடு மட்டை வரைந்தேன். மறு வருடம் அதுவே என் முழு வேலையாகிவிட்டது.

ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை முதலாளி எங்கள் இருவரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு இல்-பிசார் தீவுக்குப் போனார். அங்கே ஒரு கோல்ஃப் கழகத்துக்குப் புதிய சட்டைகளைக் காட்ட வேண்டியிருந்தது. பஸ் அதிகம் ஓடாத ஊர். தனித்தனி வீடுகள், பெரிய மரங்கள், தெருவில் ஆளே இல்லை. கழகத்தில் இரண்டு பேர் சட்டையைப் போட்டு, வெளியே போய் அடித்துப் பார்த்துவிட்டு வந்து, வேண்டுமென்று சொன்னார்கள். வந்த வேலை அரை மணியில் முடிந்தது.

முதலாளி எங்களைப் பந்து அடித்துப் பழகும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மட்டையை என் கையில் கொடுத்தார். அண்ணை மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். நான் சுரிதார் போட்டிருந்தேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். பந்து காலுக்கு முன்னால் அசையாமல் கிடந்தது. ஓடுகிற பந்தும் இல்லை, யாரும் எறிகிற பந்தும் இல்லை. ஓங்கி அடித்தேன். காற்றுத்தான். பந்து அங்கேயே இருந்தது. மறுபடி அடித்தேன். மட்டை புல்லைத் தோண்டியது. மூன்றாம் முறையும் காற்று. தோள் வலித்தது, காது சூடேறியது, தூரத்தில் யாரோ பார்க்கிறார்கள் என்ற கூச்சம் வேறு. நாலாம் முறை பந்தில் பட்டது. அது கோணலாக ஓடி ஒரு பஸ்ஸின் நீளம் தள்ளிப் போய் நின்றது.

அந்த நேரம்தான் அந்த இளைஞன் எனக்கு முழுதாக விளங்கினான் என்று நினைக்கிறேன். இந்த அசையாத பந்தை, அந்தக் காற்றில், அவ்வளவு சனம் பார்க்க, நான்கு நாள் அவன் அடித்தான். புல்லுக்குள் மாட்டினான், வெளியே வந்தான். வென்ற பிறகும் குனிந்து பார்த்தான். அதுவரை அவனுடைய சட்டையைத்தான் நான் வியந்திருந்தேன். மட்டையை முதலாளியிடம் கொடுத்தபோது என் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

முதலாளியின் வீடு ஆற்றுக்கு அக்கரையில், லவாலில். கோடையில் தீவிலிருந்து அங்கே போகச் சின்னப் படகுச் சேவை ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும் என்று எங்களை அந்த வழியால் கூட்டிப் போனார்; பிறகு எங்களை வீட்டில் விடுவதாகச் சொன்னார். ஒரு சில கார்கள் மட்டும் ஏறக்கூடிய தட்டையான படகு. அவர் காருக்குள் இருந்தார். நானும் அண்ணையும் இறங்கி ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை நானும் பாத்தனான், பிள்ளை" என்றார் அவர் திடீரென்று.

"கோல்ஃபோ?"

"ஓம். நீர் சேட்டைப் பாத்தனீர். எனக்குச் சேட்டு தெரியேல்லை. நான் ரெண்டாவதா வந்தவனைப் பாத்துக்கொண்டிருந்தனான். கடைசியிலை தொப்பியைக் கழட்டிப்போட்டுக் கை குடுத்தான் பாரும். உவனுக்கு உள்ளுக்கை என்ன மாதிரி இருக்கும் எண்டு யோசிச்சனான். பேந்து, உம்மடை சேட்டைப் போட்டுக்கொண்டு அந்தத் துணிக்குப் பின்னாலை நிண்டனே, அப்ப விளங்கினது."

"என்ன மாதிரி இருந்தது, அண்ணை?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "முதல் கோவம். பேந்து கோவம் போயிட்டுது. இன்னொருக்கா ஓங்கிப் பாப்பம் எண்டு ஆசை வந்தது. அவ்வளவு நல்லா இருந்தது."

"எத்தினை தரம் ஓங்கினனீங்கள்? எங்களுக்கு ஒரு சத்தம்தான் கேட்டது."

"இருபது தரம் இருக்கும். ஒருக்காத்தான் துணியிலை பட்டது. மற்றதெல்லாம் கவனமா வீசினனான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. படகு அக்கரையைத் தொட்டது. முதலாளி காரை முடுக்கி, ஏறுங்கள் என்று கை காட்டினார். கதவைத் திறக்கும்போது அண்ணை கேட்டார்:

"பொம்பிளையளும் இந்த விளையாட்டு விளையாடுறவைதானே? அவைக்கும் ஒரு சேட்டு வெட்டுவம். திங்கக்கிழமை கொஞ்சம் வெள்ளண வாறீரோ?"

"வாறன் அண்ணை" என்றேன்.